ரத்தத்துலயே இருக்கா, டாக்டரம்மா?

சென்ற இதழில் ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மங்குவதைப் பற்றி எழுதும்போது, "சிலருக்கு இது மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸின் முதல் அறிகுறி" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாரும் சுற்றி வளைத்துக் கேட்பது ஒன்றைத்தான்: குடும்பத்தில் வருமா? நீளமான பெயரை இனி எம்.எஸ். என்று சுருக்கிக்கொள்கிறேன். மாட்டுங்காக்காரர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், சண்முகானந்தா ஹாலில் பாடிய எம்.எஸ். வேறு.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சார வயருக்கு மேல் ரப்பர் உறை இருப்பதுபோல மூளை, தண்டுவடம், கண் நரம்பு இவற்றில் ஓடும் நரம்பிழைகளுக்கு மையலின் என்ற உறை உண்டு. கிருமியோடு சண்டை போட வேண்டிய நம் சொந்தக் காவல் செல்களே அந்த உறையை அரித்துவிடுவதுதான் எம்.எஸ்.

*

"என் மூத்த மகளுக்கு வயது 27. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை காலை, 'குங்குமம் ஏம்மா காய்ஞ்ச செங்கல் மாதிரி இருக்கு?' என்று கேட்டாள். வலது கண்ணால் பார்த்தால் சிவப்பு, இடது கண்ணால் பார்த்தால் செங்கல். எம்.ஆர்.ஐ., முதுகில் நீர் எடுத்தது எல்லாம் முடிந்து எம்.எஸ். என்றார்கள். இப்போது சின்னவளுக்கு, வயது 24, டோம்பிவிலியில் ஒரு நல்ல வரன் கூடி வருகிறது. என் மாமியார் 'எல்லாம் உங்க பக்கத்து ரத்தம்' என்கிறார். என் கணவர் எனக்கு அத்தை மகன்; சொந்தத்தில் கட்டியதால்தான் இப்படி என்று என் அக்கா சொல்கிறாள். எச்சில் எடுத்து மரபணு பார்த்து முன்கூட்டியே சொல்லிவிடுவோம், 15,000 ரூபாய் என்று ஒரு லேப்பில் சொல்கிறார்கள். சின்னவளுக்கு எடுத்துவிடட்டுமா? மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டுமா?"

– பெயர் வேண்டாம், செம்பூர்

அம்மா, முதலில் அந்த 15,000 ரூபாயைப் பீரோவிலேயே வையுங்கள். கல்யாணச் செலவுக்கு ஆகும்.

ஏன் என்று சொல்வதற்கு என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். 1989-ல் என் தங்கைக்கு 25 வயது. அம்பாசமுத்திரத்தில் மாடிப்படி இறங்கும்போது வலது கால் செருப்பு தானாகக் கழன்று கழன்று விழும். காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்றே அவளுக்குத் தெரியவில்லை. பெரிய டாக்டர் ஒருவர் 'ஹிஸ்டீரியா, கல்யாணம் பண்ணி வையுங்க' என்று ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார். அம்மா சங்கரன்கோவில் புற்றுமண்ணைக் கொண்டுவந்து காலில் பூசினாள். நான் அப்போது மும்பையில் முனிசிபல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலையில் இருந்தேன். 'இந்தியர்களுக்கு எம்.எஸ். அரிது' என்று படித்தே தேறியவள் என்பதால் எனக்கும் உடனே பிடிபடவில்லை. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

2006-ல் என் கணவருக்கு நான் சிறுநீரகம் கொடுக்க வேண்டி வந்தது. பொருத்தம் பார்க்க ஹெச்.எல்.ஏ. பரிசோதனை எடுத்தார்கள். காகிதம் கைக்கு வந்ததும் பொருத்தத்தைப் பார்ப்பதற்கு முன் என் கண் வேறொரு வரிக்குப் போனது. டிஆர்15. எம்.எஸ். நோய்க்கு முதல் சந்தேகத்துக்குரிய மரபணு எந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததோ, அந்தக் குடும்பம். அந்த ரிப்போர்ட்டில் அதன் உட்பிரிவு போடவில்லை, 15:01-ஆ 15:02-ஆ என்று. 15:01 என்றே வையுங்கள். அதே அப்பா, அதே அம்மா, அதே தாமிரபரணித் தண்ணீர். எனக்கு இப்போது 66 வயது. தங்கை 30 வருடமாகக் கைத்தடியோடு நடக்கிறாள். நான் மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து இரண்டு பை காய்கறியோடு மூன்று மாடி ஏறுகிறேன்.

அந்த மரபணு செய்கிற வேலை இதுதான். நம் 6-ஆவது குரோமோசோமில் ஹெச்.எல்.ஏ. என்று ஒரு கூட்டம் இருக்கிறது. உள்ளே நுழைந்த கிருமியின் ஒரு துண்டை ஏந்திக்கொண்டு போய், 'இதோ பார், இவன்தான்' என்று காவல் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது அதன் உத்தியோகம். அதில் டிஆர்பி1*15:01 என்ற வகையைச் சுமப்பவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்கு. இந்தப் பகுதியின் மேல் 1972-லேயே டென்மார்க்கில் சந்தேகம் விழுந்துவிட்டது. மும்பை நோயாளிகளை வைத்து 2003-ல் வெளிவந்த ஆய்விலும் டிஆர்15 தலைகாட்டியது.

3 மடங்கு என்றதும் வயிற்றைப் பிசையும், தெரியும். எதில் மூன்று மடங்கு என்று கேளுங்கள். மங்களூரில் எண்ணிப் பார்த்ததில் லட்சம் பேரில் 8 பேருக்குக் கொஞ்சம் மேல். அதை மூன்றால் பெருக்கினால் 25. மீதி 99,975 பேர் அந்த மரபணுவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார்கள். வட ஐரோப்பாவில் நாலில் ஒருவருக்கு இந்த 15:01 இருக்கிறது. நாலில் ஒருவருக்கு எம்.எஸ். இல்லையே.

நீங்கள் மும்பைக்காரர், கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தாழ்ந்த இடம். ஆனால் மழை பெய்யும் ஒவ்வொரு நாளுமா அங்கே பஸ் மிதக்கிறது? அடைமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வர வேண்டும். கால்வாய்த் தண்ணீர் கடலுக்குள் போக முடியாமல் திரும்பி வர வேண்டும். குப்பை அடைத்திருந்தால் இன்னும் சீக்கிரம். டிஆர்15 என்பது தாழ்ந்த இடம், அவ்வளவுதான். 2005 ஜூலை 26-ல் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் கொட்டியபோது, எந்த வருடமும் நனையாத கட்டடத்துக்குள்ளும் தண்ணீர் போனது. அதுபோல இந்த மரபணு இல்லாமலே எம்.எஸ். வந்தவர்களும் ஏராளம்.

அந்த மழையும் கடல் ஏற்றமும் யார்? எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ். 2022-ல் அமெரிக்க ராணுவத்தினர் ஒரு கோடிப் பேரின் சேமித்த ரத்தத்திலிருந்து கணக்கெடுத்தார்கள். இந்த வைரஸ் புதிதாகத் தொற்றியவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு ஏறியது. மரபணுவின் 3 மடங்கு எங்கே, இது எங்கே! ஆனால் இந்த வைரஸ் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது, என் உடம்பிலும்தான். அதனால் அதுவும் தனியாக எதையும் செய்துவிடுவதில்லை. சிகரெட், பதின்வயதில் ஏறும் அதிக எடை, குறைந்த வைட்டமின் டி, இவையெல்லாம் கால்வாயில் சேரும் குப்பை.

சரி, ஒரே மரபணுதான் என்றில்லையே, மொத்தத்தையும் பார்த்தால் என்ன என்று அந்த லேப்காரர் கேட்பார். 2019-ல் எம்.எஸ். உள்ளவர்கள் 47,429 பேர், இல்லாதவர்கள் 68,374 பேர், இத்தனை பேரின் மரபணுக்களை ஒப்பிட்டு 233 இடங்களைக் குறித்தார்கள். பெரும்பாலானவை எதிர்ப்புச் சக்தி செல்களின் வேலையோடு தொடர்புள்ளவை. ஒவ்வொன்றும் ஆபத்தை ஒரு நூல் கூட்டும், அல்லது குறைக்கும். அத்தனையையும் கூட்டினாலும் பரம்பரைப் பங்கில் பாதிதான் விளங்குகிறது. அதுவும் ஐரோப்பிய வம்சத்தவரிடம் எடுத்த அளவு. அந்த அளவுக்குத் தைத்த சட்டையை உங்கள் சின்னவளுக்கு மாட்டி, கை நீளம் என்று சொல்ல 15,000 ரூபாயா? 'ஆபத்து அதிகம்' என்று வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லை, தூக்கம்தான் போகும். 'குறைவு' என்று வந்தாலும் வராது என்று எழுதிக் கொடுக்க ஆளில்லை.

கனடாவில் இரட்டையர்களை வைத்துப் பார்த்தார்கள். அச்சு அசலாக ஒரே மரபணு உள்ள இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். என்றால் மற்றவருக்கு வந்தது நூற்றில் 25 பேருக்குத்தான். எல்லாமே ரத்தம்தான் என்றால் நூறுக்கு நூறு வந்திருக்க வேண்டும். சாதாரண அக்கா தங்கைக்கு அங்கே நூற்றில் 3. நம் ஊரில் நோயே குறைவு என்பதால் உங்கள் வீட்டுக் கணக்கு அதற்கும் கீழே இருக்கும் என்பது என் அனுமானம். அந்த 3-ஐயே வைத்துக்கொள்ளுங்கள். 97 பேருக்கு வராது.

சொந்தத்தில் கட்டியதால் வருவது வேறு வகை நோய். அம்மா, அப்பா இரண்டு பேரிடமிருந்தும் ஒரே பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் அது தலைதூக்கும்; தலசீமியா அப்படி. எம்.எஸ். அந்த ஜாதி இல்லை. 'உங்க பக்கத்து ரத்தம்' என்ற பேச்சுக்கு வருவோம். கணவர் அத்தை மகன் என்றால் உங்கள் மாமியார் உங்கள் அப்பாவின் உடன்பிறப்பு அல்லவா? உங்கள் பக்கம் என்று அவர் நீட்டும் விரல் அவருடைய பிறந்த வீட்டுக் கூடத்தில்தான் போய் நிற்கிறது. இதை நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டாம். இந்தப் பக்கத்தைத் திறந்து மேஜையில் வைத்துவிடுங்கள்.

சின்னவளுக்கு எம்.ஆர்.ஐ.யும் வேண்டாம். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினால், கை காலில் மரத்துப்போனது ஒரு நாளைத் தாண்டியும் போகவில்லை என்றால், அப்போது நரம்பியல் டாக்டரிடம் போய் அக்காவைப் பற்றியும் சொல்லட்டும்.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதைப் பற்றி. நீங்கள் அனுப்பிய மூன்று பக்கத்தில் சின்னவளின் படிப்பு, சம்பளம், நட்சத்திரம் எல்லாம் இருக்கிறது. பெரியவளைப் பற்றி அந்தக் குங்குமத்தோடு சரி. பார்வை திரும்பியதா, வேலைக்குப் போகிறாளா, மருந்து எடுக்கிறாளா, ஒன்றும் எழுதவில்லை. அம்மா, நோய் அவளுடையது. வெளியில் சொல்வதா வேண்டாமா என்பதும் அவளுடையது. இன்று ராத்திரி அவளைக் கேளுங்கள், சின்னவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவள் சரி என்றால் நிச்சயத்துக்கு முன்பே, அழாமல், ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. என் தங்கையை என் கல்யாண ஆல்பத்திலேயே நீங்கள் பார்க்க முடியாது. 'நாலு பேர் கேட்பாங்க' என்று அம்மா அவளை மாடியில் உட்காரவைத்துவிட்டாள். கீழே நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தது என்று அவள் எப்போதாவது சொல்வாள்.

*

"என் நடைத் தோழர் ஒரு பார்சி. தினமும் காலையில் ஃபைவ் கார்டன்ஸில் சேர்ந்து நடக்கிறோம். 'இந்த நோய் எங்கள் ஆட்களுக்கு அதிகம்' என்கிறார். உண்மையா? அப்படியானால் தமிழர்களுக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாமா?"

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மாட்டுங்கா

உங்கள் தோழர் சொல்வது சரி. 1980-களின் கடைசியில் மும்பை பார்சிகளிடம் கணக்கெடுத்தபோது லட்சத்துக்கு 20 பேருக்கு மேல் வந்தது. மற்ற இந்தியர்களுக்கு அப்போது சொல்லப்பட்ட எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு. ஒரே ஊர், ஒரே வெயில். தாதர் பார்சி காலனிக்கும் நம் தெருவுக்கும் நடுவே ஒரு பூங்காதான். ஈரானிலிருந்து வந்து ஆயிரம் வருடத்துக்கு மேல் தங்களுக்குள்ளேயே மணம் முடித்த சமூகம். 2011 கணக்கெடுப்பில் மொத்தமே 57,264 பேர். மரபணுவுக்கு ஒரு பங்கு உண்டு என்பதற்கு மும்பையே கண்முன் வைத்திருக்கும் சாட்சி இது.

இன்னொரு செய்தி உங்கள் தோழருக்குப் பிடிக்கும். 2024 ஜனவரியில் பழங்கால எலும்புகளின் மரபணுவைப் படித்தவர்கள், எம்.எஸ். ஆபத்து வகைகள் சுமார் 5,000 வருடத்துக்கு முன் கருங்கடலுக்கு வடக்கே புல்வெளியில் மாடும் ஆடும் மேய்த்தவர்களிடம் பெருகி, அவர்களோடு வடமேற்கு ஐரோப்பாவுக்குப் போனதாகச் சொன்னார்கள். மிருகங்களோடே வாழ்ந்தவர்களுக்கு அவற்றிடமிருந்து வரும் தொற்றுகளைத் தாங்க இந்த வகைகள் உதவியிருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அன்றைக்குக் காவல்காரன், இன்றைக்கு வீட்டுக்காரரையே கடிக்கிறான்.

தமிழர்களுக்கு இல்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் கடிதக்கட்டே உங்களை மறுக்கிறது. அந்த நினைப்பில்தான் என் தங்கைக்கு ஆறு மாதம் போனது.

*

"மனைவிக்கு 31 வயது, நாலு வருடமாக எம்.எஸ். இப்போது நன்றாக இருக்கிறாள். குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை. குழந்தைக்கு வருமா? கருவிலேயே மரபணு பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறதாமே?"

– வாஷி

பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு நூற்றில் சுமார் 2. அம்மாவிடமிருந்து வரும், அப்பாவிடமிருந்து வராது என்றெல்லாம் கிடையாது. கருவில் பார்த்துத் தேர்ந்தெடுப்பது ஒற்றை மரபணு பழுதாகும் நோய்களுக்கு. 233 இடங்களை வைத்துக்கொண்டு எந்தக் கருவை வேண்டாம் என்பீர்கள்?

நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில். மாத்திரை. டெரிஃப்ளூனோமைடு, ஃபிங்கோலிமாட் போன்றவற்றைச் சாப்பிட்டுக்கொண்டு கருத்தரிக்கக் கூடாது. சிலவற்றை நிறுத்தி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சிலவற்றைச் சட்டென்று நிறுத்தினால் நோய் சீறும். அதனால் முதலில் நரம்பியல் டாக்டர், அப்புறம் மகப்பேறு டாக்டர், அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம். ஐரோப்பாவில் 254 பெண்களைத் தொடர்ந்து பார்த்து 1998-ல் எழுதினார்கள்: கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதம் நோய் நன்றாக அடங்குகிறது, பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதம் எகிறுகிறது. ஊரிலிருந்து மாமியாரோ அம்மாவோ வருவதாக இருந்தால் அந்த மூன்று மாதத்துக்கு டிக்கெட் போடுங்கள். ராத்திரிப் பால் கொடுத்த பிறகு குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

*

"அக்காவுக்கு எம்.எஸ். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை நான்தான் என் பைக்கில் ட்ரிப்ஸ் ஏற்றக் கூட்டிப்போவேன். ஏறி முடியற வரைக்கும் கேட்டுக்கு வெளியே கட்டிங் சாய், ரெண்டு மூணு சிகரெட். எனக்கு 22. நான் என்ன டெஸ்ட் எடுக்கணும்?"

– சயான் கோலிவாடா

டெஸ்ட் ஒன்றும் வேண்டாம் தம்பி. சாய் இருக்கட்டும், மற்றதை விடு. 2011-ல் ஸ்வீடனில் பார்த்தார்கள். டிஆர்15 இருந்து, காப்பாற்றுகிற ஏ02 என்ற வகை இல்லாமல், புகையும் பிடித்தால், இது எதுவுமே இல்லாதவரைவிட ஆபத்து 13 மடங்குக்கு மேல். மரபணுவும் புகையும் கைகோத்தால் கூட்டல் இல்லை, அதற்கும் மேலே போகிறது. உன் மரபணு என்ன என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரிய வேண்டியதில்லை. சிகரெட் எந்தப் பாக்கெட்டில் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும்.

இன்னொன்று. அடுத்த ட்ரிப்ஸ் மே மாதம் என்று எழுதியிருக்கிறாய். மத்தியான வெயிலில் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போகாதே. உடம்பு சூடேறினால் எம்.எஸ். உள்ளவர்களுக்குக் கண் மங்கும், கால் தள்ளாடும். சூடு தணிந்தால் சரியாகிவிடும் என்றாலும் சிக்னலில் நிற்கும்போது அவள் கை நழுவினால் என்ன செய்வாய்? காலையில் முதல் ஆளாக நேரம் கேட்டு வாங்கு. திரும்பும்போது ஆட்டோ பிடி, பைக்கைப் பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம்.